மேற்குச் சுவர் மண்

என் மச்சான் தேவசகாயத்துக்குக் குடலிறக்க ஆபரேஷன் வந்ததால்தான் அந்தக் கோயிலுக்குப் போனேன். இல்லையென்றால் அந்தப் பக்கம் தலைவைத்தே படுத்திருக்க மாட்டேன்.

மாமல்லபுரத்தைத் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து கடல் பக்கம் இறங்கினால் சவுக்குத் தோப்பு. அதற்குள் ஓடு வேய்ந்த சின்னக் கோயில், இயேசுவின் சீடர் தோமையாரின் கோயில். என் மனைவி ஜெஸ்ஸியின் அண்ணனான மச்சான்தான் அங்கே கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, திறப்பது, பூட்டுவது எல்லாம் அவர் வேலை. பத்து நாள் நான் பார்த்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்து வீட்டில் சும்மா கிடந்தவன், என்ன சொல்லித் தப்பிப்பது?

பீடத்துக்கு நேர் எதிரே, கோயிலின் பின்கோடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. தரையில் முழங்கை ஆழத்துக்கு ஒரு கல்குழி, அதன்மேல் மரமூடி. குழிக்குள் சிவப்பு மண். தோமையார் முழந்தாளிட்டு ஜெபித்துக்கொண்டிருந்தபோது முதுகில் வேல் பாய்ந்ததே, அந்த ரத்தம் ஊறிய மண்ணாம். உடலைத் தூக்கிப்போனவர்களில் ஒருவன் துணியில் முடிந்து இங்கே கொண்டுவந்தானாம். திருநாளன்று ஆளுக்கு ஒரு சிட்டிகை பொட்டலம் கட்டித் தருவார்கள். காய்ச்சல் என்றால் தண்ணீரில் கலந்து குடிப்பார்கள்.

"மேக்கால செவுராண்ட கொஞ்சம் செவப்பு மண்ணு கீது. அத்த மட்டும் தொடாத மாப்ள," என்றார் மச்சான், சாவியை என் கையில் வைத்தபடி.

"ஏன், அதுல இன்னா கீது?"

"வேல் போட்டவன் அங்கதான் கீறான். குத்தினப்புறம் அவன் கை விரியவே இல்லியாம். வேலப் புடிச்ச புடியோட கடலோரமா நடந்துகினே வந்து இங்க வுழுந்து செத்தானாம். அப்டியேதான் பொதச்சாங்களாம்."

சிரித்துவிட்டேன். உயிர்த்தெழுந்த இயேசுவையே தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர் தோமையார். அந்த ஒரு குணத்துக்காகத்தான் எனக்கு அவரைப் பிடிக்கும்.

திருநாளுக்கு முந்தின நாள் மதியம் பொட்டலம் மடிக்க உட்கார்ந்தேன். யாரோ எடுத்துப்போட்ட வீடியோவால் இந்த வருடம் கூட்டம் மூன்று மடங்கு வரும், இரண்டு கூடை நிறைய வேண்டும் என்று பங்குத்தந்தை சாலமோன் சாமி சொல்லியிருந்தார். முதல் கூடை நிரம்பியதும் கரண்டி 'டங்'கென்று பாறையில் இடித்தது. குழி காலி.

சுற்றிலும் வெள்ளைக் கடல் மணல். சிவப்பு மண் மேற்குச் சுவரோரம் மட்டும்தான் இருந்தது. மண்ணுக்கு மண், யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு பெயிண்ட் டப்பா நிறைய வலதுகையாலேயே அள்ளிவந்தேன். நாள் முழுக்க வெயிலில் கிடந்த மண் அது. கையை உள்ளே விட்டால் ஈரமாக, சில்லென்றிருந்தது. துருப்பிடித்த இரும்பு வாடை அடித்தது.

மறுநாள் பூசை முடிந்து பொட்டலம் கொடுத்தோம். முதல் கூடை தீர்ந்து, இரண்டாவதைத் தொட்டபோது வரிசையில் ஜெஸ்ஸி நின்றாள். தோளில் எங்கள் எட்டு வயது மகள் ஷாரோன். நாலு நாளாக விடாத காய்ச்சலில் குழந்தை துவண்டு கிடந்தாள்.

வாயைத் திறந்தேன். பக்கத்தில் சாமி. பின்னால் நூறு பேர். மானம் போய்விடும் என்று பயந்தேன். என் பெண்ணைவிட என் மானம் அந்த நிமிஷம் எனக்குப் பெரிதாகிவிட்டது.

பொட்டலத்தை ஜெஸ்ஸியின் கையில் வைத்தேன்.

அடுத்த நாள் உச்சிவெயிலில், ரோட்டோரத்தில் டீக்கடை வைத்திருக்கும் மைதீன் வந்தார். அவரும் இரண்டாவது கூடையிலிருந்துதான் பொட்டலம் வாங்கியிருந்தார்.

"அண்ணாத்த, இத்த பாரேன். காலைல உங்க மண்ணக் கலந்து குட்சேன். டீ ஆத்திகினே இருந்தேன், கை இப்டி மூடிகிச்சி. டாக்டராண்ட போனா சுளுக்குன்றாரு. ஒரே பேஜாரா கீது."

வலதுகை மூடியிருந்தது. முழுக்க மூடவில்லை. நடுவில் ஒரு தடிக்கம்பு நுழையும் அளவுக்குத் துளை.

அவரை அனுப்பிவிட்டு, போனை எடுத்து ஜெஸ்ஸியைக் கூப்பிட்டேன்.

"காச்ச வுட்ருச்சிங்க!" என்று சந்தோஷத்தில் கத்தினாள். "காலைல மண்ணுத் தண்ணி குட்த்தேன். நன்றி சொல்ல வந்துகினு கீறோம். பஸ் எறங்கிட்டோம்."

மிச்ச மண்ணை முதலில் எடுத்த இடத்திலேயே கொட்டிவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. டப்பாவை எடுக்க அறைக்குள் ஓடினேன். பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. திரும்பினேன். உள்பக்கம் ஒரு நீள இரும்புக் கம்பிதான் தாழ்ப்பாள்.

என் வலதுகை அதைத் தள்ளித் தாழ் போட்டது.

நான் போடவில்லை.

விரல்கள் கம்பியைச் சுற்றி இறுகின. இடதுகையால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். அசையவில்லை. என் கையிலேயே நான் மாட்டிக்கொண்டு நின்றேன். இருட்டில் கதவடியில் ஒரு கோடு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. அந்த இரும்பு வாடை மூக்கை அடைத்தது.

வெளியே, மேற்குச் சுவரோரம், யாரோ ஒரு கழியைத் தரையில் இழுத்துக்கொண்டு நடந்தார்கள்.

சர்ர்ர்.

நின்றது.

அடுத்த முறை அது அறைக்குள் கேட்டது. எனக்குப் பின்னால்.

அந்த நேரம் பார்த்துக் கோயிலுக்குள் ஷாரோனின் குரல். "அப்பா எங்கம்மா?"

"வருவாரு. நீ மொதல்ல முட்டி போட்டு ஜெபம் பண்ணு."

என் வலதுகை தாழ்ப்பாள் கம்பியை வளையங்களிலிருந்து உருவியது. தோளுக்கு மேல் தூக்கியது. வாழ்நாளில் நான் வேல் பிடித்ததில்லை. அந்தக் கைக்குப் பழக்கம் இருந்தது.

கதவு ஒரு சாண் திறந்தது. பீடத்தின் முன்னால் என் பெண் முழந்தாளிட்டிருந்தாள். நீலக் கவுன். சின்ன முதுகு.

இடதுகை இன்னும் என்னுடையது. அதைக்கொண்டு கதவை அறைந்து சாத்தி, முதுகை முட்டுக்கொடுத்தேன். இவ்வளவு நேரம் வெளியே போகத் துடித்தவன், இப்போது உள்ளேயே கிடந்து செத்தாலும் சரி என்று நினைத்தேன்.

"ஜெஸ்ஸி! புள்ளய இட்டுகினு வெளிய போ!"

"இன்னா ஆச்சிங்க? கதவத் தொறங்க!"

"தொறக்காத! போ!"

கம்பியின் முனை என் தலைக்கு மேலே கதவைக் குத்திக்கொண்டிருந்தது. அப்படியே சரிந்து குழியோரம் விழுந்தேன். தோமையாரே, தோமையாரே என்று அழுதுகொண்டே இடதுகை நகத்தால் பாறை இடுக்கைச் சுரண்டினேன். ஒரு சிட்டிகை மண் வந்தது. காய்ந்த மண், வெதுவெதுப்பான மண். வலதுகை விரல்களில் தேய்த்தேன்.

ஒவ்வொன்றாக விரிந்தன. கம்பி கீழே விழுந்தது.

வெளியே வந்து, அடிபம்பில் கையை நன்றாகக் கழுவினேன். டப்பாவை மேற்குச் சுவரோரம் கவிழ்த்தேன். ஜெஸ்ஸியும் ஷாரோனும் சவுக்கு மரத்தடியில் பயந்துபோய் நின்றார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸிலிருந்தே மச்சானுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"மைதீன் கையில நெஜ மண்ணு ஒரு சிட்டிக தடவு, வுட்ரும். ரத்தம் சிந்தினவரு மன்னிச்சாத்தான் அந்தக் கை விரியும்," என்றார். "கொஞ்சமாவது மிச்சம் வெச்சிகினல்ல மாப்ள?"

என் நகங்களைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தன.

ஷாரோன் ஜெஸ்ஸியின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றி குளிர்ந்திருந்தது. அவள் வலதுகை மூடியிருந்தது. நடுவில் துளை.

மூன்று வாரமாகிறது. செங்கல்பட்டில் இரண்டு டாக்டர்களிடம் காட்டியாகிவிட்டது. முதல் கூடைப் பொட்டலம் வாங்கியவர்களைத் தேடிக் கேட்டேன், மைதீனுக்கும் ஷாரோனுக்கும் தடவ யாரிடமும் ஒரு துகள் மிச்சமில்லை. ஷாரோன் இடதுகையால் எழுதப் பழகிவிட்டாள். சாயங்கால ஜெபத்தில் ஜெஸ்ஸி இயேசு படத்துக்கு முன்னால் முழந்தாளிடுவாள். நான் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கிறேன். ஷாரோனும் இப்போதெல்லாம் முழந்தாளிடுவதில்லை. பேசாமல் போய் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்கிறாள்.

நேற்றிலிருந்து வீட்டில் துணி உலர்த்தும் கம்பைக் காணவில்லை.