சம்ப் மூடி

வைத்தியநாதன் அரை நாள் லீவு போட்டுவிட்டு மதியம் ஒரு மணிக்குக் குஷாய்குடாவில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது, அபார்ட்மெண்டில் ஈ காக்கை இல்லை. இருக்கக் கூடாது என்றுதான் அவனும் நேரம் பார்த்து வந்திருந்தான். மே மாதம். பாதிக் குடும்பங்கள் ஊருக்குப் போயிருந்தன, மீதிப் பேர் ஆபீசில். மனைவி சாவித்ரியையும் குழந்தையையும் காலையிலேயே மாரெட்பள்ளியில் மைத்துனன் வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

நாலு மணிக்கு ஃபாத்திமா வருகிறாள். ஆம்பூர்ப் பெண், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அவனுடைய ஃபிளாட்டை வாங்க எல்லாம் பேசி முடித்தாயிற்று. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள்.

"தண்ணிய மட்டும் நானே பாட்டில்ல புடிச்சு டெஸ்டுக்குக் குடுத்துக்கறேன் சார். தப்பா நினைக்காதீங்க, கைக்குழந்தை இருக்கு."

அந்த வார்த்தைக்காகத்தான் இந்த அரை நாள் லீவு.

அந்த அபார்ட்மெண்டின் செக்ரட்டரியே அவன்தான். போன வருஷம் போர் தண்ணீரில் ஒரு தித்திப்பான நாற்றம், பெயிண்ட் கடைக்குள் நுழைந்தால் வருமே, அந்த மாதிரி வர ஆரம்பித்தது. பின்தெருவில் இருந்த மருந்து தயாரிக்கும் ஷெட்டுக்காரர்கள் கழிவை வற்றிப்போன போர்க்குழியில் ஊற்றிவிடுகிறார்கள் என்று பேச்சு. டெஸ்டுக்கு அனுப்பத் தன் கையால் தேதி எழுதி ஒட்டிய பாட்டிலில் பிடித்தால், தண்ணீர் வெளிறிய மஞ்சளாக நின்றது. இது வெளியே தெரிந்தால் ஃபிளாட்டை எவன் வாங்குவான்? வைத்தியநாதன் அந்தப் பாட்டிலை வாட்ச்மேன் ஜங்கய்யாவிடம் கொடுத்துக் குப்பையில் போடச் சொன்னான். வீட்டு மினரல் வாட்டர் கேனிலிருந்து வேறொரு பாட்டிலை நிரப்பி லேபுக்கு அனுப்பினான். நல்ல பிள்ளையாக ரிப்போர்ட் வந்தது: குடிக்க ஏற்றது. அதை மீட்டர் ரூம் சுவரில் ஒட்டியும் வைத்தான்.

வீட்டுக்காரர்கள் எப்போதும்போல கேன் தண்ணீரைக் குடித்தார்கள். ஜங்கய்யாவுக்குக் கேன் போட யார் இருக்கிறார்கள்? அவன் குழாயைத் திறந்து குடித்தான். நாக்கு எரிகிறது சார், வயிறு வலிக்கிறது சார் என்று வந்து நின்றபோதெல்லாம் வைத்தியநாதன் தன் அரைகுறைத் தெலுங்கில் சுவரைக் காட்டினான்.

"ரிப்போர்ட் உந்தி கதா, ஜங்கய்யா?"

ரிப்போர்ட்தான் இருக்கிறதே, அப்புறம் என்ன என்று அர்த்தம். பாவம், அந்த மனுஷனும் நம்பினான். மாசியில் கிட்னி போய்ச் செத்தான். பெண்டாட்டி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் வாட்ச்மேன் வேலைக்கு யாரும் வரவில்லை. வைத்தியநாதனுக்கும் வீட்டில் குழாயைத் திறக்கும் போதெல்லாம் பீடி நாற்றம் அடிக்கத் தொடங்கியது. விற்றுத் தலைமுழுகிவிட்டால் போதும் என்று ஆகிவிட்டது.

திட்டம் சுலபமானது. கேட்டுக்குப் பக்கத்தில் தரைக்கடியில் இருக்கும் சம்ப்பை முந்தின நாளே வற்றவிட்டிருந்தான். சுவரில் படிந்த மஞ்சள் கறையைத் தானே தேய்த்துவிட்டு, இரண்டு டேங்கர் தண்ணீரை நிரப்பிவிட்டால், ஃபாத்திமா பிடிக்கும் பாட்டில் சுத்தமாக இருக்கும். டேங்கர்காரனிடம் போனில் சொல்லியாயிற்று: மூடியைத் திறக்காதே, யாரையும் கூப்பிடாதே, பக்கத்து ஓட்டையில் பைப்பைச் சொருகி ரெண்டு வண்டியும் ஊற்றிவிட்டுப் போ. மூணு மணிக்கு.

போனை மாடியில் வைத்துவிட்டு, இரும்பு மூடியைத் தள்ளி ஏணி வழியே இறங்கினான். தெருவில் போகிறவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று மூடியை ஒரு ஜாண் இடைவெளி விட்டு இழுத்துக்கொண்டான்.

உள்ளே அந்தத் தித்திப்பு நாற்றம் தொண்டையில் இறங்கியது. பிரஷ் தேய்க்கிற சத்தம் நாலு சுவரிலும் மோதித் திரும்பியது. அவன் நிறுத்தினான்.

தேய்க்கிற சத்தம் நிற்கவில்லை.

இன்னும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் நின்றது.

எதிரொலிதான், வேறென்ன, என்று தன்னையே அதட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தான். அந்த நேரம் பார்த்து மூடி 'ணங்' என்று விழுந்து மூடியது. பக்கத்து ஓட்டையின் கையகல வெளிச்சத்தைத் தவிர எங்கும் இருட்டு. ஏறித் தோளைக் கொடுத்துத் தள்ளினான். அசையவில்லை. மேலே யாரோ சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற கனம்.

அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. ஜங்கய்யா உட்காருகிற இடமே அதுதான். வெயிலானாலும் மழையானாலும் அந்த மூடியின் மேல்தான் உட்கார்ந்து பீடி பிடிப்பான்.

ஓட்டை வழியாகப் பீடிப் புகை இறங்கியது.

"யாரு? யாரு மேல? மூடியத் திறங்கோ!"

எவ்வளவு நேரம் கத்தினானோ, தொண்டை கம்மிவிட்டது. பிறகு லாரி வந்து நிற்கும் சத்தம். அப்பாடா என்று ஒரு நிமிஷம் உயிர் வந்தது. அவன் சொல்லிவைத்தபடியே பைப் உள்ளே வந்தது. மோட்டார் தடதடத்தது. தண்ணீர் கொட்டிய இரைச்சலில் அவன் கத்தியது அவனுக்கே கேட்கவில்லை.

கணுக்கால். முழங்கால். இடுப்பு.

அந்தத் தண்ணீரிலும் அதே நாற்றம் அடித்தது. டேங்கர்காரன் எந்தப் போரில் பிடித்தானோ! காசு கொடுத்து வரவழைத்ததும் அதே விஷம்தான் என்று புரிந்தபோது வைத்தியநாதனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நெஞ்சளவில் மோட்டார் நின்றது. முதல் வண்டி போய்விட்டது.

நிசப்தம்.

மூடிக்கு மேலிருந்து, ரகசியம் சொல்வதுபோல, ஒரு குரல்.

"தாகண்டி சார். குடிங்க."

அவன் ஏணியை இறுக்கிப் பிடித்தான்.

"ரிப்போர்ட் உந்தி கதா, சார்?"

இரண்டாவது வண்டி வந்தது. தண்ணீர் கழுத்துக்கு ஏறியது. கடைசிப் படியில் நின்று மூடியில் முகத்தை ஒட்டிக்கொண்டான். தண்ணீருக்கும் இரும்புக்கும் நடுவே நாலு விரல் இடம். வாய்க்குள் தண்ணீர் போனது. நாக்கு எரிந்தது. ஜங்கய்யா சொன்னானே, அதே எரிச்சல்.

"பாட்டில மாத்தினது நான்தான்! நான்தான் ஜங்கய்யா! உன்னைக் கொன்னது நான்தான்டா!"

வெளிச்சம் முகத்தில் அறைந்தது.

ஃபாத்திமா இரண்டு கையாலும் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். டேங்கர் டிரைவரும் ஓடிவந்து கை கொடுத்தான். சிமெண்ட் தரையில் விழுந்து வைத்தியநாதன் இருமி இருமித் துப்பினான்.

"நல்ல வேளை, வாட்ச்மேன் சொன்னாரு சார். சார் உள்ள இருக்காரு, மூடியத் திறங்கன்னு" என்றாள் ஃபாத்திமா.

"இங்க வாட்ச்மேனே கிடையாதும்மா" என்றான் வைத்தியநாதன்.

"இந்த மூடி மேலதானே உக்காந்திருந்தாரு? ஒல்லியா, வேட்டியெல்லாம் நனைஞ்சு. நீங்க புடிச்சு வச்ச தண்ணின்னு இதையும் குடுத்தாரே." கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். உள்ளே வெளிறிய மஞ்சள். லேபிளில் அவன் கையெழுத்து, போன வருஷத்துத் தேதி.

இப்போதும் இன்னொரு பொய் சொல்ல வழி இருந்தது. அவன் நாக்கு எரிந்துகொண்டிருந்தது.

"வாங்காதே அம்மா. இந்தத் தண்ணி குழந்தைக்கு ஆகாது. ஒரு உசிர் போயாச்சு."

அவள் முகம் வெளுத்தது. பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டு, வாசல்வரை போனவள் தயங்கித் திரும்பினாள்.

"அவரும் அதத்தான் சார் சொன்னாரு. யார் வந்தாலும் வீட்டை வாங்கமாட்டாங்களாம். நீங்க இங்கேயேதான் இருப்பீங்களாம்."

அவள் போனாள். டேங்கரும் போனது. வைத்தியநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து பார்த்தான்.

அவர்கள் தள்ளித் திறந்துவிட்ட மூடி, சம்ப்பின் மேல் ஒழுங்காக மூடியிருந்தது. நடுவில் ஈரம் சொட்ட ஒருவர் உட்கார்ந்த தடம். பக்கத்தில் ஒரு பீடி புகைந்துகொண்டிருந்தது. தடத்துக்கு இந்தப் பக்கம், இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தது.