யார்மத்திலிருந்து அப்பா

நாகஜோதி முதலில் கவனித்தது ஜன்னலைத்தான். கணினித் திரையில் கணவன் ரெங்கராஜ் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் ஹாலிஃபாக்ஸ் ஹோட்டல் அறையின் ஜன்னல் இறுக்கிச் சாத்தியிருந்தது. வெளியே கடலிலிருந்து ஏறிவந்த மூடுபனி. அது கண்ணாடிக்கு உள்பக்கமும் இருந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிவதுபோல ஜன்னலின் அடிவிளிம்பிலிருந்து சத்தமில்லாமல் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. கேமரா சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

குவைத்தில் பாதி இந்தியர்களுக்குக் கனடாக் கிறுக்குப் பிடித்திருந்த காலம் அது. குடியேற விசா கிடைத்ததும் அங்கே போய் இறங்குவார்கள், பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்குவார்கள், ரெண்டு ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு லீவு முடிவதற்குள் மறுபடி இங்கேயே டியூட்டிக்கு ஓடி வருவார்கள். அதற்கு லேண்டிங் என்று பெயர். ரெங்கராஜ் முதலில் தனியாகப் போயிருந்தான். கனடாவின் கிழக்கு ஓரம், நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் கடலோர ஊர்களைப் பார்த்து, எங்கே வீடு, எங்கே பள்ளிக்கூடம் என்று முடிவு செய்துவிட்டு வருவான். அப்புறம் நாகஜோதியும் ஐந்து வயது அகிலாவும் போக வேண்டும். நாகஜோதிக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. சொன்னால் சண்டை வரும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிள்ளை பக்கத்திலேயே இருந்தால் போதும், இப்போது குடியிருக்கிற மங்காஃப் ஆனாலும் சரி, மற்ற எந்த ஊரானாலும் சரி.

தெருவைத் தோண்டியவர்கள் கேபிளை வெட்டிவிட்டதில் வீட்டு டெலிபோன் செத்துக் கிடந்தது. அவளிடம் மொபைல் கிடையாது. மொட்டைமாடி வழியாக வயர் இழுத்துக் கட்டடமே பங்கு போட்டுக்கொண்ட இன்டர்நெட் மட்டும் ஓடியது. அங்கே விடியும் நேரம், இங்கே மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். படுக்கையறைக் கணினியில் மெசெஞ்சர் மணி அடிக்கும், அவன் முகம் வரும்.

அடுத்து ட்ரூரோவிலிருந்து பேசினான். அதற்கடுத்து சிட்னி. ஆஸ்திரேலியா சிட்னி இல்லை, இது வேற சிட்னி என்று சொல்லி அவனே விழுந்து விழுந்து சிரித்திருக்க வேண்டும். அந்த மாதிரி அசட்டு ஜோக்கை விட்டுவைக்கிற ஆளே இல்லை. அன்று சிரிக்கவில்லை. ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டாள், ஈரமாக இருக்கிறது என்றான். மனுஷர்கள் எப்படி என்று கேட்டாள், எல்லாரும் உங்களைத்தான் கேட்கிறார்கள் என்றான். ஊர்தான் மாறியதே தவிர அறை மாறவில்லை. அதே ஜன்னல், அதே மஞ்சள் விளக்கு. மூடுபனி மட்டும் இப்போது கட்டிலை மூடி அவன் தோள்வரை ஏறியிருந்தது. கணினியின் பக்கத்தில் போனாலே நனைந்த கயிறும் மீன்பெட்டி ஐஸும் கலந்த நாற்றம் அடித்தது. மேஜையை டெட்டால் போட்டுத் துடைத்தாள். நாற்றம் போகவில்லை.

லேண்டிங் போகிற குடும்பங்கள் வீட்டில் ஒத்திகை பார்ப்பது வழக்கம். அப்பா கனடா ஏர்போர்ட்டின் குடியேற்ற ஆபீசராக மேஜைக்குப் பின்னால் உட்காருவார், மற்றவர்கள் வரிசையில் நின்று பதில் சொல்ல வேண்டும். குழந்தையிடம் எந்த ஆபீசரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை, ஆனாலும் யாரும் அதை விடுவதில்லை. ரெங்கராஜ் கிளம்புமுன் ஆரம்பித்த அந்தப் பாடம் திரையிலும் தொடர்ந்தது. உன் பேர் என்ன, யார்கூட வந்திருக்கே, இந்த நாட்டுலயே இருந்துடுவியா என்று கேட்பான். அகிலா நெஞ்சை நிமிர்த்தி, "யெஸ் சார்" என்பாள். சிட்னிக்குப் பிறகு அந்தக் கடைசிக் கேள்வி மாறியது.

"எங்களோடவே இருந்துடுவியா?"

"யெஸ் சார்."

எங்களோட என்றால் யார் என்று நாகஜோதி கேட்டாள். எல்லாரும்தான் என்றான். அவன் கண் இமைக்கவில்லை. எவ்வளவு நேரமாக இமைக்கவில்லை என்று யோசித்துப் பார்த்தாள். நெட் மெதுவாக இருந்தால் படம் அப்படி நிற்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உதடு மட்டும் எப்படி அசைகிறது என்று கேட்டுக்கொள்ளப் பயமாக இருந்தது.

அடுத்த ஊரான யார்மத்திலிருந்து அவன் பேசிய அன்று எதிர்வீட்டு அஸ்மத் பீவி வந்திருந்தார். காயல்பட்டினத்துக்காரர். அடுத்த வீட்டு ஆம்பளை கேமராவில் இருக்கிறார் என்று தெரிந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார். திரையிலிருந்து பார்த்தால் சுவர்தான் தெரியும். மூச்சுவிடுகிற சத்தம்கூட அவரிடமிருந்து வரவில்லை.

திரையில் இருந்தவன் தலையை மெல்லச் சாய்த்தான்.

"கதவுக்குப் பின்னாடி நிக்கிறவங்களப் போகச் சொல்லு. அவங்க பேரு நம்ம விசா கேஸ்ல இல்ல."

அஸ்மத் பீவி உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டே நாகஜோதியின் கையைப் பிடித்து ஹாலுக்கு இழுத்துவந்தார்.

"அத நிப்பாட்டி வையிம்மா. துணி போட்டு மூடு. புள்ளய அது பக்கத்துல விடாத."

நாகஜோதி உடனே கணினியை அணைத்தாள். ப்ளக் பாயிண்டிலிருந்து வயரைப் பிடுங்கினாள். போர்வையால் மூடினாள். அன்று இரவு அகிலாவை அணைத்துக்கொண்டு ஹாலிலேயே படுத்தாள். புருஷனைப் பார்த்துப் பயப்படுகிறோமே என்று அழுகையாக வந்தது.

மறுநாள் மதியம் தூசிக்காற்று கிளம்பியது. வானம் செங்கல் நிறமாகி, பார்க்கப் பார்க்க இருட்டியது. மணல் கண்ணாடியில் உரசுகிற சத்தம் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. அகிலா ஹால் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். நாகஜோதி வாசல்கதவைப் பூட்டி, ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டி, சமையலறைக் கதவடியில் ஈரத்துண்டைத் திணித்துக்கொண்டிருந்தபோது டெலிபோன் அடித்தது. லைன் வந்துவிட்டது. ஓடிப்போய் எடுத்தாள்.

"ஜோதி, நான்தான். இத்தன நாளா லைனே கெடைக்கல. பயந்துட்டியா?"

கரகரத்த, மூச்சு வாங்குகிற, நிஜமான குரல். நேற்றுத்தானே யார்மத்திலிருந்து பேசினீர்கள் என்று கேட்டாள்.

"யார்மத்தா? நான் ஹாலிஃபாக்ஸ விட்டு இன்னும் நகரவே இல்லையே. லேப்டாப்ப வர்ற வழியில லண்டன் ஏர்போர்ட் செக்கிங்ல, ட்ரேலயே விட்டுட்டேன். அது இல்லாம நேத்து எப்படிப் பேசுவேன்? ஜோதி? சரி, பாப்பாகிட்ட போனக் குடு."

நாகஜோதி சோபாவைப் பார்த்தாள்.

தலையணை. பிள்ளையின் செருப்பு. பிள்ளை இல்லை.

படுக்கையறையிலிருந்து சின்னக் குரல் கேட்டது.

"யெஸ் சார்."

ரிசீவர் கையிலிருந்து நழுவியது. ஓடினாள். அறையில் இருட்டு. போர்வை தரையில் கிடந்தது. பிடுங்கிய வயர் பிடுங்கியபடியே இருந்தது. திரை எரிந்துகொண்டிருந்தது.

நாற்காலியில் யாருமில்லை. கட்டிலடியில் இல்லை. அலமாரியில் இல்லை. பாத்ரூமில் இல்லை. பூட்டு அப்படியே. டேப் அப்படியே.

திரையைப் பார்த்தாள்.

அதே அறை. மஞ்சள் விளக்கு. ரெங்கராஜின் முகம் மேஜைக்குப் பின்னால் ஆபீசரைப்போல உட்கார்ந்திருந்தது. மேஜைக்கு முன்னால் மூடுபனியில் ஒரு வரிசை. பெரியவர்கள், சிறியவர்கள். எல்லாருடைய தலையிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. ஒருவரும் அசையவில்லை. அவர்களுக்கெல்லாம் கடைசியில், ஊதாக் கவுன். ரெட்டைப் பின்னல்.

"அகிலா!"

பிள்ளை திரும்பவில்லை. மேஜைக்குப் பின்னால் இருந்தது நாகஜோதியை நேராகப் பார்த்தது.

"உன் பேர் என்ன?"

ஹாலில் தொங்கிய ரிசீவரில் ரெங்கராஜ் கத்திக்கொண்டிருந்தான். பாப்பாகிட்ட குடு, ஜோதி, பாப்பாகிட்ட குடு.

"நாகஜோதி," என்றாள்.

"எங்களோடவே இருந்துடுவியா?"

அப்போதுதான் அகிலா திரும்பினாள். இமைக்காத கண்களோடு அம்மாவைப் பார்த்து, ஓரடி முன்னால் நகர்ந்து, தனக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்க இடம் விட்டாள்.