கேதம் சொல்லணுங்க

போனில் பேசியவர், செத்தது யாரென்று சொல்லாமலே வைத்துவிட்டார். அதுதான் செல்லசாமிக்கு முதலில் உறுத்தியது.

பன்னிரண்டு வருஷமாகத் தோட்டத்துத் தப்பால்காரன் அவன். காலையில் பையை மாட்டிக்கொண்டு வட்டகொடைக்கு இறங்கி, தபால் கந்தோரில் கடிதங்களை வாங்கிக்கொண்டு மேலே ஏறி வருவான். மீதி நேரமெல்லாம் ஆபீஸ் வராந்தாவில் பெஞ்சுதான். கிளாக்கர் கணேசமூர்த்தி வெளியே போனால் போனையும் அவனே எடுக்க வேண்டும். வேறு தோட்டத்தில் யாராவது கண்ணை மூடினால், அந்த ஆபீஸிலிருந்து இங்கே போன் வரும். அதை ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்குப் போய்ச் சொல்வதும் அவன் வேலைதான். கேதம் சொல்வதென்றால் சும்மாவா? அதற்கு முறை இருக்கிறது. சாவுச் செய்தியை வாங்கியவன் ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் புறப்பட வேண்டும். வாசலுக்கு வெளியே நின்று சொல்ல வேண்டும். திரும்பும்போது 'போயிட்டு வர்றேன்' என்று வாய்தவறியும் சொல்லக் கூடாது. வாங்கிய கேதத்தை மடியில் வைத்துக்கொண்டு திரியவும் கூடாது, ஏதாவது ஒரு வீட்டில் இறக்கியே ஆக வேண்டும். இதில் ஒன்றைக்கூட அவன் இதுவரை பிசகியதில்லை.

வெள்ளைக்காரத் தொரை போய்ச் சிங்களத் தொரை வந்த வருஷம் அது. ஆடி மழை விடாமல் பிடித்திருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கே பனி இறங்கி, ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே இருந்த தேயிலை மேடு, கொழுந்து நிறுக்கும் கொட்டகை, சவுக்கு மரம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அந்த நேரத்தில்தான் மணி அடித்தது.

"கேதம் சொல்லணுங்க" என்றது குரல். வயசான ஆம்பிளைக் குரல். நம்ம பேச்சுத்தான். மலை ஏறி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கியது. "அழகன் வீட்டுக்குங்க. காது கேக்காத அழகன்."

"யாருங்க தவறுனது? எந்தத் தோட்டத்துலேர்ந்து பேசுறீங்க?"

"நீங்க போயிச் சொல்லுங்கண்ணே. மத்தது தானாத் தெரியும்."

அவ்வளவுதான். கையிலிருந்த போன் குழாயில் கிளாக்கரின் வெற்றிலை வாசம் எப்போதும் இருக்கும். அன்றைக்கு அதில் புதிதாக வெட்டிய ஈரமண் வாசம் அடித்தது. மழைக்காலம்தானே என்று நினைத்துக்கொண்டு குடையை எடுத்தான்.

மூன்றாம் லயத்தில் அழகன் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். உள்ளே அடுப்படியில் அவன் ஆத்தா குத்துக்காலிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது செல்லசாமிக்குத் தெரிந்தது. அவன் அழகனின் காதருகே குனிந்து, கேதம் வந்திருக்கிறது என்று கத்தினான். அழகன் கோடாலியைப் போட்டுவிட்டு, "உடப்புசல்லாவையில தங்கச்சிக்கா?" என்று கேட்டு, ஆத்தாவைப் பார்த்துத் திரும்பினான். கிழவி சுவரில் சாய்ந்திருந்தாள். கோப்பையிலிருந்த தேத்தண்ணி மடியில் கொட்டி ஆவி பறந்துகொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

மறுநாள் கணேசமூர்த்தியிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "நல்லா இருக்குண்ணே. செத்தது நம்ம தோட்டத்துல. நாமதான் வெளியூருக்குப் போன் போட்டுச் சொல்லணும். நமக்கு எவன் சொல்லுவான்?" சிரித்துக்கொண்டே கைப்பிடியைச் சுற்றி, லைன் கொடுக்கிற தபால் கந்தோரில் சிங்களத்தில் விசாரித்தார். பதிலைக் கேட்டதும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "நேத்து மத்தியானம் நம்ம ஆபீசுக்கு எந்தப் போன் கோலும் குடுக்கலியாம். ஏதாவது லைன் கோளாறா இருக்கும். விடுங்க."

விடச் சொன்னால் விடுகிற விஷயமா? இரண்டு நாள் அவன் பெஞ்சில் ஒழுங்காக உட்காரவில்லை. எழுந்தான், நடந்தான், போனைப் பார்த்தான், சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். வீட்டில் மகள் மீனம்மா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நிறைமாசம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, மாமியார் வாயால் கேட்கக் கூடாத பேச்செல்லாம் கேட்ட பிறகு, உண்டான வயிறு. அவனுக்கு அவள் ஒருத்திதான். இந்த நேரத்தில் கேதமும் கீதமும் சுமந்துகொண்டு வீட்டுக்குள் போகவே அவனுக்குப் பயமாக இருந்தது. கிணற்றடியில் கால் கழுவி, தலையிலும் தண்ணீர் தெளித்துக்கொண்டுதான் உள்ளே போவான். "என்னப்பா, ஐயரு மாதிரி ஆயிட்டீங்க" என்று மீனம்மா கேலி செய்வாள்.

மூன்றாம் நாள் மறுபடியும். அதே பனி, அதே நேரம்.

"கேதம் சொல்லணுங்க. சின்னத்தம்பி கங்காணி வீட்டுக்கு."

"ஐயா நீங்க யாரு? அதச் சொல்லுங்க முதல்ல."

"நீங்க போயிச் சொல்லுங்கண்ணே."

இந்த முறை அவன் நேராகப் போகவில்லை. கோயில் மேட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். நெஞ்சில் எதுவோ கல்லாகக் கனத்தது. கடைசியில் தாங்க முடியாமல் எழுந்து போனான். கங்காணி வீட்டில் எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள். கங்காணி வாசலில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். தம்பி கந்தப்பன் பின்பக்கம் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. அவன் மாட்டை அதட்டுகிற குரல்கூடக் கேட்டது.

செல்லசாமி சொன்னான். சொன்ன மறுகணம் பின்பக்கத்துச் சத்தம் நின்றது.

கந்தப்பனுக்கு முப்பது வயசு. ஒரு காய்ச்சல் தலைவலி என்று படுத்தவனில்லை.

அன்று இரவெல்லாம் செல்லசாமி புரண்டு படுத்தான். ஒரு மணி நேரம் அவன் சொல்லாமல் இருந்தான், ஒரு மணி நேரம் கந்தப்பன் உயிரோடு புல் போட்டான். அப்படியானால் சாவு அவன் வாய்க்காகக் காத்திருந்ததா? சொல்லாமலே இருந்திருந்தால்? பொண்டாட்டி வீரம்மாவிடம்கூட வாயைத் திறக்கவில்லை. என்னவென்று சொல்வது? நான்தான் கொன்றேன் என்றா?

மறுநாள் காய்ச்சல் என்று சொல்லி வேலைக்குப் போகாமல் இருந்து பார்த்தான். ஆபீஸ் வாட்ச்சர் வீட்டுக்கே வந்துவிட்டான். கிளாக்கரையா ஹட்டனுக்குப் போகிறாராம், போனுக்கு ஆள் வேண்டுமாம், தொரை கத்துகிறாராம். போனான்.

இரண்டு மணி. பனி ஜன்னல் கண்ணாடியில் வந்து ஒட்டியது. மணி அடித்தது. அவன் எடுக்கவில்லை. நின்றது. அடித்தது. நின்றது. கூப்பிடுவது பங்களாவிலிருந்து தொரையாக இருந்தால் வேலை போய்விடும். எடுத்தான்.

"கேதம் சொல்லணுங்க." மூச்சு வாங்கியது. "செல்லசாமி வீட்டுக்கு. தப்பால்காரச் செல்லசாமி."

அவன் குழாயைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான்.

"அண்ணே?"

"அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்றான் செல்லசாமி. குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

"இல்லீங்களா? சரிங்கண்ணே. அப்ப நானே வந்து சொல்லிக்கிறேன். எத்தனாவது லயம்?"

போனை வைத்துவிட்டான். நெஞ்சில் அந்தக் கல் வந்து உட்கார்ந்துவிட்டது, முன்பைவிடக் கனமாக. வாங்கியாகிவிட்டது. இல்லை என்று பொய் சொன்னாலும் காதில் வாங்கியது வாங்கியதுதானே.

நானே சொல்ல மாட்டேன், யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன், செத்தாலும் சொல்ல மாட்டேன் என்று அவன் வராந்தாவில் மேலும் கீழும் நடந்தான். அப்போது கீழேயிருந்து ஃபெக்டரி வாட்ச்சர் ஏறி வந்தான். "என்னண்ணே இங்க நிக்கிறீங்க? ஃபெக்டரிக்கு ஒரு பெரியவர் போன் பண்ணுனாரு. உங்க வீட்டுக்குக் கேதமாம். வழி கேட்டாரு."

"சொன்னியா?"

"சொல்லாம? கேதம் சொல்ல வர்ற மனுசனுக்கு வழி சொல்லாம இருக்க முடியுமா? ஆறாம் லயம், கடைசிக்கு முந்துன காம்பிரான்னு சொன்னேன். பக்கத்துலதான் வந்துட்டாராம்."

அவன்மேல் கோபப்பட்டு என்ன செய்ய? செல்லசாமியும் அதைத்தான் செய்திருப்பான். பன்னிரண்டு வருஷமாகச் செய்தவன்தானே.

பனிக்குள் இறங்கினான். ரோட்டில் அவன் காலடிச் சத்தம் அவனுக்கே கேட்கவில்லை. கீழே எங்கேயோ சரளைக்கல் நறநறவென்று மிதிபட்டது. யாரோ ஏறி வருகிறார்கள். அவசரமில்லாத நடை. மூச்சு வாங்குகிற நடை.

அவர் வந்து சொல்வதற்குள், இதைக் கொண்டுபோய் வேறொரு வீட்டில் இறக்கிவிட்டால்? ஒரு வீட்டில் இறக்கத்தானே வேண்டும்? எந்த வீடு என்றா முறையில் இருக்கிறது?

அந்த நினைப்பு வந்ததும் அவனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே யார் வீடு என்று யோசித்தான். புருஷன் உள்ள வீடு வேண்டாம். பிள்ளை உள்ள வீடு வேண்டாம். பேச்சியம்மா. நாலாம் லயத்தின் கோடிக் காம்பிராவில், அந்த ஒற்றை அறையில், ஒண்டியாகக் கிடக்கிற கிழவி. கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பிராவில் முப்பது வருஷம் ஆயாவாக இருந்துவிட்டு இப்போது எழுபது வயசுக்கு இருமிக்கொண்டிருக்கிறாள். கட்டினவன் இல்லை, பெற்றது இல்லை. போனால் அவள்தான் போக வேண்டும். இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிற உயிர். சாமி, என்னை மன்னிச்சிரு.

ஓடினான்.

வாசலுக்கு வெளியே நின்றான். உள்ளே இருட்டு. சாம்பல் வாசம், தைல வாசம்.

"அக்கா."

"யாரு, செல்லசாமியா? உள்ள வாய்யா."

"இல்லக்கா. கேதம் வந்திருக்கு. உங்க வீட்டுக்கு."

சொல்லிவிட்டான். நெஞ்சிலிருந்த கல் சட்டென்று இறங்கியது. அப்பாடா என்று இருந்தது. அவள் சரிந்து விழுவதற்காகக் காத்திருந்தான்.

பேச்சியம்மா விழவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். நனைந்த சட்டையைப் பார்த்தாள்.

"என் வீட்டுக்கா? எனக்கு ஏதுப்பா வீடு?" என்றாள். "எனக்குன்னு யாரு இருக்கா? ஆறு மாசத்துலேர்ந்து மடியில போட்டு வளத்தனே, இன்னைக்கும் என்னைய ஆத்தான்னு கூப்பிடுறது அவ ஒருத்திதானே." அவள் உதடு கோணியது. "ஐயோ, மீனம்மாவா?"

"இல்லக்கா. அவ இல்ல."

அவள் கேட்கவில்லை. கொண்டையை அவிழ்த்துவிட்டாள். மாரில் அறைந்துகொண்டு மழையில் இறங்கினாள். எழுபது வயசுக் கால்கள் அப்படி ஓடும் என்று அவன் நினைத்ததே இல்லை. ஒவ்வொரு காம்பிரா வாசலிலும் அவள் குரல் போய்த் தட்டியது. கதவுகள் திறந்தன. பெண்கள் ஈரக் கையோடு வெளியே வந்தார்கள். நாலாம் லயம். ஐந்தாம் லயம்.

"அக்கா, நில்லுங்க. அக்கா."

வழுக்கி விழுந்தான். எழுந்தான். மறுபடி விழுந்தான்.

அவன் ஆறாம் லயத்துக்கு வந்தபோது வாசல் நிறைந்திருந்தது. பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சின்னத்தம்பி கங்காணி தலையில் துண்டோடு நின்றார். கோடியில் யாரோ வைக்கோல் கொளுத்தித் தப்பு மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நடுவில் பேச்சியம்மா. தொட்டில் கட்டும் முன்னே தொலைதூரம் போனாயோ என்று ராகம் போட்டு அழுதாள்.

மீனம்மா கதவோரம் நின்றிருந்தாள். ஒரு கை இடுப்பில். ஒரு கை வயிற்றில்.

"என்னப்பா இது?" என்றாள். "ஏன் என் பேரச் சொல்லி அழுவுறாங்க?"

உயிர் வந்தது அவனுக்கு. "பாருங்க. எம் மக நிக்கிறா பாருங்க. உசுரோட நிக்கிறா. நிறுத்துங்க."

யாரும் திரும்பவில்லை.

வீரம்மா உள்ளேயிருந்து வந்தாள். கக்கத்தில் பாய். கண் இரண்டும் வீங்கியிருந்தது. மகளை உரசிக்கொண்டுதான் வெளியே வந்தாள். பார்க்கவில்லை. வாசலில் தண்ணீர் தெளித்துப் பாயை விரித்தாள். தென்பக்கம் தலைமாட்டில் விளக்கை ஏற்றினாள்.

"அம்மா" என்றாள் மீனம்மா. "அம்மா, இங்க பாரு."

ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கங்காணியை. பக்கத்துக் காம்பிராப் பெண்களை. பேச்சியம்மாவை. கடைசியாக அப்பாவை. அவள் முகத்திலிருந்த பயம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. தூக்கம் வந்த பிள்ளை மாதிரி ஆனாள்.

"வேணாம்மா. அங்க போகாத. உள்ள போ. மீனம்மா."

படியிறங்கினாள். பெண்கள் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார்கள். அவள் பாயில் உட்கார்ந்தாள். மெதுவாகச் சாய்ந்தாள். தெற்கே தலை வைத்துப் படுத்தாள். பேச்சியம்மா அழுதுகொண்டே சேலை ஓரத்தைக் கிழித்து, அவள் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். மீனம்மா தடுக்கவில்லை. திறந்த கண் அப்பாவையே பார்த்தபடி நின்றது.

அவன் மண்டியிட்டு, மூக்கருகே கை வைத்தான். மூச்சு இல்லை.

சேலைக்கு அடியில் வயிறு ஒரு பக்கமாக மேடு தட்டியது. உள்ளேயிருந்து எதுவோ உதைத்தது. நின்றது. மறுபடியும் உதைத்தது.