ஏழு பேர் பயம்

ஏழு பேருடைய சாவு பயத்தை ஒரே மத்தியானத்தில் இடது கையில் மாட்டிக்கொண்டு, வலது கையால் முறுக்கு தின்றவள் நான். நம்ப மாட்டீர்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவள் நான். ஒரு தடவை கப்பலையே தூக்கிக் காயப்போட்டேன் என்று சொன்னபோதும் யாரும் நம்பவில்லை. அது பொய்தான். இது நிஜம்.

செவ்வாய்க்கிழமை எங்களுக்கு மருந்து நாள். மார்பில் புற்று வந்த பெண்கள், கடலைப் பார்த்த கூடத்தில், சாய்வு நாற்காலிகளில் கிடப்போம். தலைமாட்டில் மருந்துப் பை. அதன் கீழே ஒரு அடைப்பான், அதோடு இணைந்த அச்சமானி. பயம் சிவப்புக் கோட்டுக்கு மேலே போனால் அடைப்பான் திறக்காது. பயந்த உடம்பில் இந்தப் புது மருந்து வேலை செய்யாதாம். அதற்காகத்தான் சுமைவளை. நோயாளி கையில் ஒன்று, உறவுக்காரர் கையில் ஒன்று. உறவு முறை இல்லாதவரைக் கருவி ஏற்காது. பொத்தானை அழுத்தினால் பயம் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போய்விடும். பை காலியாகும்வரை உறவுக்காரர் பக்கத்து அறையில் உட்கார்ந்து சுமக்க வேண்டும். அப்புறம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்தவர் பயத்தை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி கிடையாது.

அந்தப் பக்கத்து அறையைப் பார்க்க வேண்டுமே! முறுக்கு மீசைகளெல்லாம் தொங்கிப்போயிருக்கும். என் வீட்டுக்காரர் முதல் தடவை சுமந்தபோது போட்ட சத்தத்தில், துறைமுகத்துக்குள் வந்துகொண்டிருந்த கப்பல் திரும்பிப் போய்விட்டது. அப்புறம் என் பயத்தை நானே சுமக்கப் பழகிக்கொண்டேன்.

அன்றைக்கு ரத்தினவதி தனியாக வந்திருந்தாள். கணக்கு டீச்சர், சின்ன வயசு. அம்மாவுக்கு இதயக் கோளாறு, புருஷன் நடுக்கடலில் கப்பல் வேலை. போன வாரமும் தனியாக வந்து, அடைப்பான் திறக்காமல் திரும்பிப் போனவள். இன்றும் மருந்து இறங்காவிட்டால் கட்டி முந்திக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் அவள் பயம் இன்னும் ஏறியது.

"வேற ஆளே இல்லையா, ஏட்டி?" என்றேன்.

"இல்லக்கா."

"சொந்த ஊரு?"

"ஏரல். அம்மாவப் பெத்த தாத்தா உப்பளத்துல கங்காணியா இருந்தாரு."

"செல்லையாக் கங்காணியா? எங்க அம்மைக்குத் தங்கச்சி முறை ஆகுத பொன்னுத்தாயக் கட்டினவருல்லா! அப்போ நான் உனக்குப் பெரியம்மை. அக்காங்காத."

அவளுடைய ஜோடி வளையை எடுத்து என் கையில் மாட்டினேன். கருவிப் பொறியாளர் ஜெபசிங் ஓடி வந்தான். "நோயாளியே நோயாளியச் சுமக்கப்பிடாதும்மா! உங்க பயமும் அவங்க பயமும் கூடி மானியே வெடிச்சிரும்."

"உன் கருவிகிட்டயே கேப்போம்ல."

கருவி 'என்ன முறை?' என்று மட்டும்தான் கேட்டது. நோயாளியா என்று கேட்க அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. பெரியம்மா என்று அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. ஜெபசிங் தலையில் கை வைத்துக்கொண்டு மேலதிகாரியைத் தேடிப் போனான்.

வந்தது பாருங்கள் பயம்! கொக்கியில் முழுக் கன்டெய்னர் விழுந்த கனம். ஆனால் உள்ளே பார்த்தால் எல்லாம் தெரிந்த சாமான். குளியலறைச் சல்லடையில் மொத்தமாய் முடி. வெட்டிய இடத்தைக் கண்ணாடியில் பார்க்கும் முதல் காலை. இருமினால்கூட, அங்கேயும் பரவிவிட்டதோ என்ற நினைப்பு. எல்லாவற்றையும் நான் ஒருமுறை தூக்கி இறக்கியவள். கனம் எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்துவிட்டால் சுமை ஆடாது. என் அச்சமானி முள் ஏறி, யோசித்து, இறங்கியது. ரத்தினவதியின் அடைப்பான் திறந்தது.

பக்கத்து அறைக்குச் சேதி போனதுதான் தாமதம். "எங்க மைனியோடதையும் புடிங்கக்கா," என்று அண்ணியின் வளையோடு ஒருவர் வந்தார். அப்புறம் வரிசை. ஒருத்திக்கு நான் சம்பந்தி, ஒருத்திக்கு அத்தை. ஊரும் தெருவும் கேட்டால் நம் பக்கத்தில் முறை கிடைக்காமலா போகும்? என் பயம் ஒன்று, அவர்களுடையது ஆறு. கல்யாணப் பெண் மாதிரி கை நிறைய வளை. யாரோ முறுக்கு கொடுத்தார்கள். நான் ஒரு மாமியார் கதை சொல்ல, கூடமே சிரித்துக்கொண்டிருந்தது.

அப்போது ஜெபசிங் திரும்பி வந்தான். "சுமக்குதவங்க இப்படிச் சிரிப்பாங்களா? வளையெல்லாம் பழுது. பயம் எங்கயோ ஒழுகுது. சிஸ்டர், எல்லா அடைப்பானையும் மூடுங்க!"

ரத்தினவதியின் பை இன்னும் பாதி இருந்தது. அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, மூடுததுக்கு முன்னால நீயே போட்டுப் பாரு." அவளுடைய வளையை மட்டும் கழற்றி அவன் கையில் மாட்டினேன்.

ஜெபசிங் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான். அங்கே நாற்காலி இல்லை. முகமெல்லாம் வேர்த்து, தன் நெஞ்சைத் தானே தடவிப் பார்த்தான். என் கையில் மிச்சமிருந்த வளைகளைப் பார்த்தான். ரத்தினவதியைப் பார்த்தான், அவளை அதற்குமுன் அவன் பார்த்ததே இல்லை போலிருந்தது.

"மூடட்டுமா சார்?" என்றாள் நர்ஸ்.

"வேண்டாம். இறங்கட்டும்." வளை மாட்டிய கையை என் பக்கம் நீட்டினான். "சீக்கிரம் வாங்கிக்கிடுங்க பெரியம்மா. வளை பழுதில்ல. நீங்க சுமந்தது நெசந்தான்."