பாவாவுக்கு ஒரு டம்ளர்

திருத்தணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி அக்கா வீட்டுக்கு நடந்தபோது என் பையில் ஒரு பாட்டில் ஒயின் இருந்தது. எதிரே முருகன் மலை. பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டேன். என் பக்தி அவ்வளவுதான்.

மனோரமா அக்காவை நாசிக் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களுக்குக் கூட்டிப்போவதாகத் திட்டம். அரக்கோணத்தில் ரயில் ஏற வேண்டியது. தோட்டம் தோட்டமாகப் போய் ஒரு வாய் ஒயின் ருசி பார்க்க வேண்டியது. பாட்டில், ஒத்திகைக்கு.

கல்யாணமானபின் அவள் போன தூரம் பள்ளிப்பட்டுதான். அவள் புருஷன் பங்காரு பாவா விடமாட்டார். அவள் சமைத்ததை ஒரு வாய் மென்று, தட்டிலேயே துப்புவார். "உப்பு பத்தல" என்பார். செத்த அன்று காலையிலும் துப்பினார்.

வருஷம் திரும்பி, அன்று அவருக்குப் படையல்.

"இதோட முடிஞ்சிதுடா பரணி. நாளைக்கே கூப்புடு, வரேன்" என்றாள். பெட்டியில் புடவைகளை அடுக்கிவிட்டிருந்தாள்.

வடை, கோழிக்குழம்பு என்று இலை நிறைந்தது. நான் ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஒயினை ஊற்றிப் படத்துக்கு முன்னால் வைத்தேன்.

"அவருக்கு எதுக்குடா அது?"

"டூருக்குத்தான் கூப்புடல. டேஸ்ட்டாவது பாக்கட்டும், பாவம்."

அக்கா சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை வருஷம்.

செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்தோம். நல்ல வெயில். பக்கத்து வீட்டு விசைத்தறி தடதடத்துக்கொண்டிருந்தது. போனில் தோட்டத்துப் படங்களைக் காட்டினேன்.

"சாயங்காலம் இந்தப் பந்தல்ல உக்காந்துகினு..."

கரன்ட் போனது. தறி நின்றது.

உள்ளே யாரோ மெல்லும் சத்தம். நிதானமாக.

பிறகு, த்தூ.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பூனைக்கா" என்று கிசுகிசுத்தேன்.

பூனை துப்புமா என்று அவள் கேட்கவில்லை.

கதவைத் திறந்தோம். வடையும் குழம்பும் வைத்தது வைத்தபடி. பூனை இல்லை. அணைந்த கற்பூரத்தின் வாசனைக்கு அடியில் பாவாவின் புகையிலை வாசனை.

பயந்தால் நான் அதிகமாக ஜோக்கடிப்பேன். "படையல வீணாக்கக் கூடாது" என்று டம்ளரை எடுத்தேன். வீடியோவில் பார்த்தபடி சுழற்றினேன், முகர்ந்தேன், ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினேன்.

வெதுவெதுப்பாக இருந்தது. ஏற்கெனவே யாரோ வாயில் வைத்திருந்ததுபோல.

விழுங்கிவிட்டேன்.

அக்காவின் முகம் வெளுத்திருந்தது. அவளைத் தேற்ற வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன். அருமையான வடை. நல்லா இருக்குக்கா என்று சொல்லத்தான் போனேன்.

தாடை அசைந்தது. நான் அசைக்கவில்லை.

வாய் தானாகத் திறந்து, மென்றதை இலையில் துப்பியது.

அக்கா இலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து, புடவைகளை ஒவ்வொன்றாகப் பீரோவுக்குள் திருப்பி வைத்தாள். கடைசிப் புடவையையும் வைத்துவிட்டுத் தலைகுனிந்து வந்து நின்றாள்.

"வந்துட்டீங்களா?"

இல்லக்கா, பரணிக்கா என்று தொண்டை கிழியக் கத்தினேன். உள்ளேயே.

"ஆங்" என்றது என் வாய். "உப்பு பத்தல."