இறந்தவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி

தம்பிக்கு வாய் நீளம். பதினெட்டு வருடம் இன்சூரன்ஸ் விற்று வளர்த்த வாய் அது. அந்த வெள்ளிக்கிழமை காலை, விடை தெரியாத விஷயங்களோடு ஆட்கள் தேடி வரும் தன் அக்காவின் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்த பெண் சொன்னதைக் கேட்டபோதுதான் அதற்கு முதல் தடவையாகப் பூட்டு விழுந்தது.

"எங்க அண்ணன் செத்து எட்டு மாசம் ஆச்சு, மேடம். இன்னும் வேலைக்கு வந்துக்கிட்டிருக்கார்."

அவள் ஒரு ரப்பர் கம்பெனியில் கம்ப்யூட்டர் பொறுப்பாளர். தண்ணீர் பம்புகளுக்குள் மாட்டும் ரப்பர் வளையம் செய்கிற கம்பெனி. போட்டிக்கு ஒரு பெரிய கம்பெனி இருந்தது; விலையில் அதை ஜெயிக்க முடியாது, வேகத்தில் ஜெயிக்கலாம் என்று முதலாளி முடிவு செய்தார். எந்த வளையம் எப்போது விற்கும் என்று முன்கூட்டியே கணித்து அலமாரியை நிரப்பி வைக்க ஒரு சிஸ்டம் வந்தது. போட்டிக்காரன் சரக்கு அனுப்ப இரண்டு நாள் எடுத்தால் இவர்கள் அன்றைக்கே அனுப்புவார்கள். அந்த சிஸ்டத்தைக் கட்டி நிறுத்தியது இந்தத் தங்கைக்காரிதான். ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் அவளுடைய சொந்த அண்ணன். சிஸ்டம் தொடங்கிய அன்றே, காலையில் வேலைக்கு வந்தவர் மதியம் அலமாரிகளுக்கு நடுவே சுருண்டு விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் போன பதினான்காம் நாள், சிஸ்டத்துக்குள் இருப்பவர்கள் பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. ஆலோசனைப் பகுதியில் ஒரே வரி: பன்னிரண்டாம் எண் வளையம் ஆயிரம் கூடுதலாக வையுங்கள். சிஸ்டத்தின் கணக்குப்படி அதற்குத் தேவையே இல்லை. ஆனால் பத்தே நாளில் ஆயிரமும் பறந்துபோயிற்று. அதிலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, பதினொரு மணி டீ நேரத்தில், புள்ளி எரியும். ஆபீஸே கப்சிப்பென்று ஆகிவிடும். சொன்னது ஒரே ஒரு தடவைதான் பொய்த்தது.

இந்த வாரம் திங்கட்கிழமை முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, போட்டிக் கம்பெனி ஆள் எவனோ உள்ளே புகுந்து விளையாடுகிறான் என்று கத்தியிருக்கிறார். வெள்ளி மாலைக்குள் ஆளைக் காட்டாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை. அன்றோடு புள்ளியும் நின்றுவிட்டது.

எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது என்று தெரியாதா என்று தம்பி கேட்டார். தெரியும், ஸ்டோர் வாசலில் இருக்கும் பொதுக் கம்ப்யூட்டர். டீ நேரத்தில் இருபது பேர் அந்த வழியாகப் போவார்கள் என்றாள். பாஸ்வேர்டை மாற்றியிருக்கலாமே, பக்கத்தில் போய் நின்று பார்த்திருக்கலாமே என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார்.

"போய் நின்னா அங்க யாராவது ஒரு ஆள் இருப்பாங்களே, சார்," என்றாள் அவள்.

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். மூன்று மாதத்துக்கு முன், யாருக்கும் தெரியாமல், ஆலோசனைக்குக் கீழே "அண்ணா, நீயா?" என்று எழுதியிருக்கிறாள். மறுநாள் பதில் வந்திருக்கிறது: "நான்தான். தலைவலிக்கு வெறும் வயித்துல மாத்திரை போடாத."

அவளுக்கு ஒற்றைத் தலைவலி என்பது ஆபீஸில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாதாம்.

"வேலை போனா போகட்டும் மேடம். அது அண்ணனா இல்லையா, எனக்கு அது தெரிஞ்சாகணும்."

இருபது வருடம் துணி ஆலையில் குறை பார்க்கும் வேலை செய்தவர் அக்கா. ஓடுகிற துணியில் அறுந்த ஒற்றை நூலைக் கண்டுபிடிக்கிற கண். அவர் இரண்டே கேள்விதான் கேட்டார். ஏன் பதினான்காம் நாள்? பதினைந்து நாள் உள்ளே வராதவர் பெயரை சிஸ்டம் தானாக அழித்துவிடும், அந்த விதி அவளே வைத்தது. சரி, வீட்டில் யார் யார்? அண்ணிதான், ஆனால் பேச்சுவார்த்தை இல்லை. நெஞ்சு வலிக்கிறது என்று அண்ணன் காலையிலேயே சொல்லியிருக்கிறார், அதைக் கேட்டும் வேலைக்கு அனுப்பியவள் அந்த அண்ணி. சாவு வீட்டிலேயே அவளை நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டு, தனி வீடு பார்த்து வந்துவிட்டதாகச் சொன்னபோது தங்கைக்காரியின் குரல் இரும்பு மாதிரி இருந்தது.

மதியம் மூவரும் கம்பெனிக்குப் போனார்கள். ஸ்டோரில் ரப்பர் நாற்றம் தொண்டையைப் பிடித்தது. கூரை வரைக்கும் அலமாரி. நடுவில் ஆள் மட்டும் போகிற சந்து. விழுந்த இடத்தை யாரும் மிதிப்பதில்லை என்பது தரையைப் பார்த்தாலே தெரிந்தது, அங்கே மட்டும் தூசி அப்படியே கிடந்தது. புதிய ஸ்டோர் பொறுப்பாளர் பழைய நாற்காலியில் உட்காராமல் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். பச்சைப் புள்ளி என்ற பேச்சை எடுத்ததுமே அவர் முகம் வெளிறியது. இவன்தான் என்று தம்பி அக்காவின் கையைக் கிள்ளினார். அக்கா கையை இழுத்துக்கொண்டார்.

அவர் கேட்டு வாங்கியது பொய்த்துப்போன ஆலோசனையை. முப்பதாம் எண் வளையம் ஐந்நூறு வைக்கச் சொல்லியிருந்தது, ஒன்றுகூட விற்கவில்லை. அடுத்து, பழைய பேரேட்டையும், பின்வாசலில் மூட்டைகள் வந்து இறங்குவதை எழுதும் நோட்டையும் கேட்டார். பழைய வளையத்தைத் திருப்பிக் கொடுத்தால் புதியதில் விலை குறையும் என்பதால் தேய்ந்தவை மூட்டை மூட்டையாக வரும், தரம் பிரித்து அரைத்துவிடுவார்கள். நோட்டில் விரலை ஓட்டியவர் ஒரு வரியில் நிறுத்தினார். பிறகு முதலாளியைக் கூட்டிவரச் சொன்னார். பின்வாசலில் மூட்டை பிரிப்பவரையும் கூப்பிடச் சொன்னபோது தங்கைக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வந்தவள் அவளுடைய அண்ணி. கணவன் போன இரண்டாம் வாரமே இரக்கப்பட்டுக் கம்பெனி கொடுத்த வேலை அது. விரல் நகமெல்லாம் ரப்பர் கறுப்பு.

"எழுதினது இறந்துபோனவர் இல்லை," என்று அக்கா மெதுவாக ஆரம்பித்தார். "முப்பதாம் எண் வளையம் ஒரே ஒரு சாய ஆலைக்குத்தான் போகும். அந்த ஆலையை அவர் இருக்கறப்பவே மூடிட்டாங்க. பழைய பேரேட்டுல அந்தப் பேரைச் சிவப்பு மையால அடிச்சவரே அவர்தான். அவர் எப்படி அதுக்கு ஐந்நூறு வைக்கச் சொல்வார்?"

முதலாளி குறுக்கிட்டு, போட்டிக்காரன் வேலை என்று தான் சொன்னது சரிதானே என்றார்.

"போட்டிக்காரனுக்கும் ஆலை மூடினது தெரியும் சார். இந்த ஆபீஸ்ல காகிதம் பாக்கிற எல்லாருக்குமே தெரியும். காகிதமே பாக்காத ஒருத்தர் மட்டும்தான் இந்தத் தப்பைப் பண்ண முடியும். மூடின ஆலையை, இந்த ஆலோசனை வந்த வாரம், காலி பண்ணவங்க பழைய வளையத்தையெல்லாம் ஒரே மூட்டையா அனுப்பியிருக்காங்க. பேர் நோட்டுலதான் இருக்கும், மூட்டை மேல எண்தான் இருக்கும். பிரிச்சுப் பாத்தவங்களுக்கு, எங்கயோ முப்பதாம் எண் நிறையத் தேயுதுன்னுதான் தோணும்."

பிறகு அவர் மேஜை மேல் ஒரு தேய்ந்த வளையத்தை வைத்தார். "ஒரு பக்கமா தேய்ஞ்சிருக்கு. இது எதைக் காட்டுது, சொல்லும்மா."

அண்ணி வளையத்தைத் தொடவில்லை. "பம்புத் தண்டு சாய்ஞ்சிருக்கு," என்றாள் தரையைப் பார்த்து. "பக்கத்துல மாட்டற பன்னிரண்டாம் எண் ஒரு மாசத்துல போயிடும்."

கணவன் தினமும் வீட்டில் வளையங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு பேசுவானாம். அவளுக்கு வேறு பேச்சே கிடைத்ததில்லை. அவனுடைய பாஸ்வேர்டும், பதினைந்து நாளில் பெயர் அழிந்துவிடும் என்பதும் அவன் சொன்னவைதான். பெயர் அழியக் கூடாது, அவ்வளவுதான் அவள் நினைத்தது. உள்ளே நுழைந்ததும், ஆலோசனை ஏதாவது எழுதாமல் வெளியே விடமாட்டேன் என்று சிஸ்டம் நின்றிருக்கிறது. அன்று காலை மூட்டையில் பார்த்ததை எழுதியிருக்கிறாள். குப்பை பிரிக்கிறவள் வாயால் சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

அத்தனை கணக்குப் போடுகிற சிஸ்டம் விற்றதை மட்டும் பார்த்தது, தேய்ந்ததை யாருமே அதற்குக் காட்டவில்லை என்பது முதலாளிக்குப் புரிய வெகு நேரம் ஆகவில்லை. நாளையிலிருந்து அண்ணி சொந்தப் பெயரில் எழுதட்டும், தங்கைக்காரி வேலையில் இருக்கட்டும், இறந்தவர் பெயரை மட்டும் இன்றே எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மரப்பெட்டிக்காரரும் விட்டால் போதும் என்று அவர் பின்னாலேயே நழுவினார்.

தம்பியும் கிளம்பியிருக்க வேண்டும். வாசலருகிலேயே நின்றார்.

தங்கைக்காரி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அண்ணன் பெயரைத் திறந்தாள். "நான் அவர்கிட்ட பேசறதா நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள். "உங்ககிட்டயா பேசினேன்?"

"என்கிட்ட நீ வேற எப்படியும் பேசமாட்டியே."

"பேச என்ன இருக்கு? வலிக்குதுன்னு சொன்ன மனுஷனை ஏன் அனுப்புனீங்க?"

அண்ணி கதவுப் பக்கம் திரும்பினாள். தங்கைக்காரி எழுந்து போய் வழியை மறித்துக்கொண்டு அதையே மறுபடி கேட்டாள்.

"போகாதீங்கன்னு சொன்னேன். சட்டையைப் பிடிச்சுக்கூட இழுத்தேன்," என்றாள் அண்ணி. பிறகு, வேண்டா வெறுப்பாக, "அன்னைக்கு உன் சிஸ்டம் தொடங்கற நாள். ஸ்டோர் ஆளுங்க யாரும் அதைத் தொடமாட்டோம்னு பேசி வச்சிருந்தாங்களாம். 'நான் போய் முதல்ல உட்காரலேன்னா எல்லாரும் என் தங்கச்சியைப் பாத்துச் சிரிப்பாங்க'ன்னுட்டுப் போனார்."

தங்கைக்காரி வழியை விட்டு விலகினாள்.

"எட்டு மாசமா ஏன் சொல்லல? நாலு பேர் முன்னால உங்களை நான்..."

"என் மேல கோபம் இருந்தா நீ எழுந்து நடமாடுவ. உன் மேலயே கோபம் வந்தா படுத்துடுவ. அவர் எனக்கு விட்டுட்டுப் போனது நீ ஒருத்திதான்."

அக்கா தம்பியின் தோளைத் தொட்டு வெளியே தள்ளிக்கொண்டு போனார். உள்ளே ஒருத்தி அழுகிற சத்தமும், இன்னொருத்தி அவளை அடக்காமல் அழவிடுகிற அமைதியும், சாலை வரைக்கும் தம்பி கூடவே வந்தன.