பதினேழாம் சாவடியின் ஒரே ஓட்டு

நிலவில் ஒருவர் காலில் விழுவது லேசான காரியமல்ல. ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான். அவசரப்பட்டால் நெற்றி தரையில் பட்டு ஆள் திரும்ப எழும்பிவிடுவார். அதனால் சோமபுரியில் மரபு காக்கும் முன்னணியின் தலைமையகத்தில், தலைவர் நாற்காலிக்கு முன்னால் இரண்டு கைப்பிடிகளைப் பதித்திருந்தார்கள். அவற்றைப் பிடித்து உடம்பைக் கீழே இழுத்து, பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டு, அடுத்தவருக்கு வழிவிட வேண்டும். அன்றைக்கும் செயற்குழுவின் பன்னிரண்டு பேரும் முறையாக விழுந்து எழுந்தார்கள். தலைவர் மாசிலாமணி யாரையும் ஆசீர்வதிக்கவில்லை.

தேர்தல் முடிந்து நான்கு நாளாகியிருந்தது. நிலவின் பகல் இரண்டு வாரம் நீளும் என்பதால், வாக்குப்பதிவன்று உதித்த சூரியன் இன்னும் உச்சிக்குக்கூட வரவில்லை. அதற்குள் கட்சி மட்டும் அஸ்தமித்துவிட்டது. தொண்ணூறு இடங்களில் இரண்டு.

முன்னணியின் கொள்கை எளியது. பிறந்த உடம்போடுதான் போக வேண்டும், அதற்குள் எந்திரம் எதுவும் புகக்கூடாது. பத்தாண்டு உழைத்த எந்திரங்களுக்குப் போன மன்றம் வழங்கிய ஓட்டுரிமையையும் பறிக்க வேண்டும். எதிரிகளான வளர்ச்சி அணியோ வீட்டுக்கு வீடு இலவச எலும்பூட்டி தருவதாக அறிவித்தது. பாரம் குறைந்த நிலவு வாழ்க்கையில் எல்லோருக்கும் எலும்பு தேய்கிறது. இடுப்பில் வைக்கும் அந்தச் சிறு கருவி தேய்ந்ததை வளர்த்துக்கொண்டே இருக்கும்.

"தோத்ததுகூடப் பரவால்ல. பதினேழாம் சாவடி முடிவைப் பாத்தீங்களா?" என்றார் தலைவர்.

எல்லோரும் பார்த்திருந்தார்கள். பதினேழாம் சாவடி என்பது கட்சிக் குடியிருப்பு. தலைவரும் செயற்குழுவும் குடும்பத்தோடு வசிக்கும், காற்றடைத்து மூடிய ஒரே கூண்டு. அங்கே முன்னணிக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு.

"என் வீட்டுலயே அஞ்சு ஓட்டு இருக்கு," என்று ஆரம்பித்த தலைவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் நிறுத்தியதைப் பன்னிரண்டு பேரும் கவனித்தார்கள். "அந்த ஒரு ஓட்டைப் போட்டவங்களைத் தவிர மத்த எல்லாரும் கருங்காலி. பதவி போயிடும், வீடும் போயிடும். யார் போட்டது?"

"நான்தான்," என்றார்கள் பன்னிரண்டு பேரும்.

அவர்களில் அங்கயற்கண்ணியும் ஒருத்தி. மகளிரணிச் செயலாளர், முப்பத்தோரு வருடக் கட்சிக்காரி. ஆறு மாதமாக இடுப்பெலும்பு அவளைத் தூங்கவிடவில்லை. சாவடிக்குள் திரை விழுந்ததும் வளர்ச்சி அணிக்குப் போட்டுவிட்டு வந்தாள். தான் ஒருத்தி போடாவிட்டால் என்ன, மற்றவர்கள் போடுவார்கள் என்றுதான் நினைத்தாள். இப்போது பக்கத்தில் இருப்பவர்களின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

துணைத்தலைவர் கோமதிநாயகம் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யலாம் என்றார். கூண்டுக்குள் நெருப்புக்குத் தடை. ஆகவே மின்கற்பூரம் வந்தது. ஒவ்வொருவராக அதன்மேல் கையடித்து விளக்கை அணைத்தார்கள், அடுத்தவருக்காகப் பொத்தானை அமுக்கி மறுபடி ஏற்றினார்கள். சுடாத கற்பூரத்தில் சத்தியம் செய்ய யாருக்கும் தயக்கமில்லை.

தலைவர் மேசை இழுப்பறையைத் திறந்து மெய்மானியை எடுத்து வைத்தார். உள்ளங்கை நடுக்கத்தை வைத்து உண்மைக்குப் பச்சையும் பொய்க்குச் சிவப்பும் காட்டும் கருவி. மனிதனை எந்திரம் எடை போடுவதா என்று முன்னணி அதை எதிர்த்து ஏழு வருடம் வழக்காடியிருக்கிறது. இவர் இழுப்பறைக்குள் இது எத்தனை நாளாக இருக்கிறது என்று அங்கயற்கண்ணிக்குச் சந்தேகம் வந்தது. கேட்க முடியவில்லை. கையை வைத்தாள். சிவப்பு. கோமதிநாயகம், சிவப்பு. பன்னிரண்டும் சிவப்பு.

"அப்ப அந்த ஓட்டு..." என்று கோமதிநாயகம் கருவியை மெல்லத் தலைவர் பக்கம் நகர்த்தினார். "தலைவரும் ஒரு தடவை..."

"தலைவரைச் சோதிக்க விதியில இடமில்ல."

"அதானே! தலைவர் போட்ட ஓட்டுதான் அது!" என்று யாரோ தொடங்க, எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி ஓய்ந்ததும் மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஒரு திருத்தம், ஐயா. அது என் ஓட்டு."

குறிப்பன் பேசியது. பதினோரு வருடமாகக் கட்சிக் கூட்டங்களின் நடவடிக்கைகளை எழுதும் எந்திரம். பதினேழாம் சாவடிப் பட்டியலில் அதற்கும் ஓட்டு இருப்பதே யாருக்கும் நினைவில்லை.

"உன் ஓட்டையே புடுங்கறோம்னு சொல்ற கட்சிக்கு ஏன்டா போட்டே?" என்றார் தலைவர்.

"இத்தனை வருஷமா நம்ம தீர்மானங்களை நான்தான் ஐயா எழுதறேன். ஒண்ணு விடாம ஒருமனதா நிறைவேறியிருக்கு. இத்தனை பேரு நம்பறது சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

 கடைசியில் அங்கயற்கண்ணிதான் வாயைத் திறந்தாள். "தலைவரே, சோமபுரியில நாப்பதாயிரம் எந்திரத்துக்கு ஓட்டு இருக்கு. அதுங்க பழகின வழக்கத்தை மாத்திக்காது, நம்மளைவிட மரபு பாக்கறதுங்க. நாம அதுங்ககிட்டப் போய்ப் பேசினா என்ன? இனிமே நம்ம வழி அதுதானோ என்னவோ." சொல்லும்போது அவளுக்கே ஒரு தெம்பு வந்தது. பல வருடம் கழித்து இந்தக் கூட்டத்தில் மனதிலிருப்பதைச் சொல்லியிருந்தாள்.

தலைவர் குறிப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண் சுருங்கியது.

"கட்சிக்காரன் எவனும் போடாத ஓட்டை இது மட்டும் போட்டிருக்குன்னா என்ன அர்த்தம்? நமக்குள்ளே சிண்டு முடிய எதிரி அனுப்பின ஆள் இது. நாம தோத்ததுக்கே இதுதான் காரணம். இதைக் கட்சியை விட்டு நீக்கறேன். யார் வழிமொழியறீங்க?"

பன்னிரண்டு பேர் முகத்திலும் ரத்தம் திரும்பியது. தலைவரின் பார்வை அங்கயற்கண்ணி மேல் வந்து நின்றது. "எந்திரத்துக்குப் பரிஞ்சு பேசினியே, நீயே சொல்லும்மா."

அவள் தன் வீட்டை நினைத்தாள். முப்பத்தோரு வருடத்தை நினைத்தாள். மூலையில் எழுதத் தயாராக நின்ற குறிப்பனைப் பார்க்காமல், "வழிமொழியறேன்," என்றாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் கையைத் தூக்கினாள். பன்னிரண்டு கைகள் உயர்ந்தன, பதிமூன்றாவதாகத் தலைவருடையது.

குறிப்பன் எண்ணியது. பிறகு தன் உலோகக் கையையும் உயர்த்தியது.

"நீ எதுக்குடா தூக்கறே?" என்றார் கோமதிநாயகம்.

"தலைவர் சொன்னா சரியாத்தானே இருக்கும்," என்றது குறிப்பன். "ஒருமனதாகன்னு எழுதிக்கிறேன்."